வாசற்படியில் யார் முதலில்

நாய் வளர்ப்பவர்கள் நாலு பேர் கூடினால் சில அறிவுரைகள் தவறாமல் வந்து விழும். நீங்கள் சாப்பிட்டு முடித்த பிறகே நாய்க்குச் சோறு வையுங்கள். கதவைத் திறந்ததும் முதலில் நீங்கள் வெளியே போங்கள், அது பின்னால் வரட்டும். சோபாவில் ஏற்றாதீர்கள். கயிறு இழுக்கும் விளையாட்டில் அதை ஜெயிக்க விடாதீர்கள். ஏன் என்று கேட்டால் ஓநாய் வந்துவிடும். ஓநாய்க் கூட்டத்தில் தலைவன்தான் முதலில் தின்னும். நாய் ஓநாயின் வழிவந்தது. உங்கள் வீட்டையும் அது ஒரு கூட்டமாகத்தான் பார்க்கிறது. தலைவர் யார் என்று நீங்கள் காட்டவில்லையென்றால் அந்த நாற்காலியில் அது ஏறி உட்கார்ந்துகொள்ளும். அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் மூன்று மாதக் குட்டியோடு நிற்கும் ஒருவரிடம் இதைச் சொன்னால், அவர் முகத்தில் ராஜ்ய பாரம் வந்து அமர்வதைப் பார்க்கலாம். குட்டி அந்த நேரத்தில் அவருடைய செருப்பு வாரைக் கடித்துக்கொண்டிருக்கும்.

அந்த ஓநாய்க்கு ஒரு முகவரி உண்டு. சுவிட்சர்லாந்தின் பாசல் நகர உயிரியல் பூங்கா. 1930களிலும் 40களின் தொடக்கத்திலும் ருடால்ஃப் ஷெங்கல் என்ற ஆய்வாளர் அங்கே அடைத்து வைத்திருந்த ஓநாய்களைக் கவனித்துக் குறித்துவந்தார். ஏறக்குறைய 10 மீட்டருக்கு 20 மீட்டர் இடம். அதற்குள் பத்து ஓநாய்கள் வரை. விலகிப் போக வழியில்லாத இடத்தில் என்ன நடக்குமோ அது நடந்தது. ஓயாத மோதல், ஒடுங்கல், மேலே ஒரு ஜோடி, கீழே மற்றவை. 1947இல் அவர் வெளியிட்ட கட்டுரையிலிருந்துதான் ‘ஆல்ஃபா ஓநாய்’ உலகத்துக்குள் நடந்து வந்தது. ஷெங்கல் கண்டதைத்தான் எழுதினார், அதில் பொய் கிடையாது. ஆனால் அவர் கண்டது ஒரு சிறைக்கூடத்தின் அரசியல்.

அமெரிக்க ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1970இல் ஓநாய்களைப் பற்றி எழுதிய பெரிய புத்தகம் அந்தக் கருத்தை எல்லோர் வாயிலும் போட்டது. பிறகு அதே மெக், கனடாவின் வடகோடியில் இருக்கும் எல்ஸ்மியர் தீவுக்கு 1986 முதல் கோடைதோறும் போய், மனிதரைக் கண்டு ஓடாத காட்டு ஓநாய்களின் பக்கத்திலேயே இருந்து பார்த்தார். அங்கே அவர் கண்டது ஒரு குடும்பம். அப்பா, அம்மா, இந்த வருடத்துக் குட்டிகள், போன வருடத்துப் பிள்ளைகள். பிள்ளைகள் வளர்ந்ததும் யாரையும் தோற்கடிக்காமல் தங்கள் துணையைத் தேடிக் கிளம்பிப் போய்விடுகின்றன. பெற்றோர் முன்னே நடக்கின்றன, பிள்ளைகள் பின்னே நடக்கின்றன. இதற்குப் போட்டியும் தேர்தலும் தேவைப்படவில்லை. சாப்பாட்டு விஷயம் இன்னும் சுவாரசியமானது. இரை குறைவாக இருக்கும்போது பெற்றோர் அதைக் குட்டிகளுக்குத்தான் முதலில் கொடுக்கின்றன. தலைவன் முதலில் தின்னும் என்ற விதி காட்டில் இப்படி இருக்கிறது. 1999இல் மெக் இதையெல்லாம் கட்டுரையாக எழுதினார். தன் பழைய புத்தகத்தை அச்சிடுவதை நிறுத்தச் சொல்லிப் பதிப்பகத்திடம் பல வருடங்கள் கேட்டுக்கொண்டிருந்தார். 2022இல்தான் அது நின்றது. தான் எழுதிய புத்தகம் விற்காமல் இருக்க வேண்டும் என்று ஒருவர் இவ்வளவு பாடுபட்டது எழுத்துலகில் அபூர்வம்.

சரி, ஓநாய் அப்படியே இருக்கட்டும். நாய் ஓநாய் இல்லையே. குறைந்தது பதினைந்தாயிரம் வருடமாக நம் எச்சில் இலையைச் சுற்றி உருவான பிராணி அது. நாயைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமானால் தெருநாயைப் பார்ப்பதுதான் முறை. ரோம் நகரத்தின் ஓரத்தில் கட்டற்றுத் திரியும் நாய்க் கூட்டங்களை ரொபெர்த்தோ பொனானியும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்து 2010இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கூட்டம் கிளம்பும்போது எந்த நாயின் பின்னால் மற்றவை போகின்றன என்பது கேள்வி. உறுமிப் பணியவைக்கிற நாயைவிட, மற்றவை தாமாக வாலைத் தாழ்த்தி ஆட்டிக்கொண்டே வந்து முகத்தை நக்கி வணங்குகிற நாய்க்குத்தான் பின்தொடர்பவர்கள் அதிகம். கொல்கத்தாவின் ஐசர் (IISER) ஆய்வு நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு தெருநாய்களிடம் வேறொன்று செய்து பார்த்தது. முன்பின் தெரியாத மனிதர்களில், திரும்பத் திரும்பச் சோறு கொடுத்தவரைவிடத் திரும்பத் திரும்பத் தடவிக் கொடுத்தவரிடமே நாய்கள் அதிகம் ஒட்டின. கல்லடி பட்டே பழகிய இந்தியத் தெருநாய்கள் இவை.

இவ்வளவுக்குப் பிறகும் அந்தப் பழைய ஓநாய் சாகவில்லை. நமக்கு அது வேண்டியிருக்கிறது என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஷெங்கலுக்கு முன்பே, 1910இல், ஜெர்மன் காவல்துறையைச் சேர்ந்த கொன்ராட் மோஸ்ட் எழுதிய பயிற்சி நூலில் மனிதனுக்கும் நாய்க்கும் இடையிலே ஒரு பலப்பரீட்சை உண்டு, அதில் மனிதன் வென்றாக வேண்டும் என்ற எண்ணம் இருந்தது. ஒன்றைச் சொல்ல வேண்டும்: பரிசு எப்போது, எப்படிக் கொடுத்தால் நாய் கற்கும் என்பதையும் மோஸ்ட் நன்றாகவே அறிந்திருந்தார், அந்தப் பக்கங்களை யாரும் நினைவில் வைக்கவில்லை. 1978இல் நியூயார்க் மாநிலத்தில் ஜெர்மன் ஷெப்பர்டு வளர்த்துவந்த நியூ ஸ்கீட் மடத்துத் துறவிகள், அடங்காத நாயை மல்லாத்திப் போட்டு அழுத்தும் முறையைத் தங்கள் நூல் வழியே பிரபலமாக்கினார்கள். பின்னால் வந்த பதிப்பில் அதைத் தாங்களே கைவிட்டார்கள். 2004இல் தொலைக்காட்சியில் நாய்ப் பயிற்சியாளர் சீசர் மிலான் வந்தார். அமைதியான, உறுதியான கூட்டத் தலைவராக இருங்கள் என்றார். உலகம் முழுக்கச் சோபாவில் சாய்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

நம் வீடுகளுக்கு இந்தக் கதை மிகவும் பொருந்திப் போனது. முதலில் யார் சாப்பிடுவது, யார் எதில் உட்காரலாம், யார் எந்த வாசல் வழியாக வரலாம் என்பதெல்லாம் நமக்குப் புதிய கேள்விகளா என்ன? அப்பா சாப்பிட்டு எழுந்த பிறகு அம்மா சாப்பிட்ட வீட்டில் வளர்ந்தவருக்கு, நாய்க்கும் அந்த வரிசையில் ஓர் இடம் ஒதுக்குவது மிகச் சுலபம். இயற்கையே அப்படித்தான் என்று ஒரு வெளிநாட்டு ஓநாய் வந்து சாட்சியும் சொல்கிறது.

இனி என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். ஓநாய்க் கதை பொய் என்பதால் வாசற்படியில் நிற்கவைக்கும் பழக்கம் தவறாகிவிடாது. கதவு திறந்ததும் நாய் நிற்க வேண்டும். வெளியே பைக் வருகிறது, மாடிப்படியில் முட்டிவலியோடு ஒரு பாட்டி ஏறிவருகிறார், எதிர்வீட்டுப் பூனை படுத்திருக்கிறது. சோற்றுத்தட்டைக் கையிலிருந்து தட்டிவிடாமல், வைக்கும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். கண்டவர் மேல் தாவக்கூடாது. இவற்றில் எதையும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பழக்கம் அதேதான், காரணம்தான் வேறு. நாய் சொன்னபடி கேட்கும் நாட்களில் எந்தக் காரணத்தை வைத்துக்கொண்டாலும் ஒன்றுதான். அது கேட்காத ஒரு நாளில்தான் வித்தியாசம் தெரியும். தலைமைக் கதையை நம்புகிறவருக்கு, கதவைத் தாண்டி ஓடிய நாய் கலகம் செய்திருக்கிறது. கலகத்துக்கு மறுமொழி என்ன என்று எல்லோருக்கும் தெரியும். மற்றவருக்கு, அது இன்னும் இந்தப் பாடத்தை முழுதாகக் கற்கவில்லை, அவ்வளவுதான். நேற்று அமைதியான மதிய நேரத்தில் நின்றது. இன்று மாலை லிஃப்ட் பக்கம் இன்னொரு நாய் இருந்தது, நிற்க முடியவில்லை. ஆகவே பாடத்தில் ஒரு படி கீழே இறங்கி மறுபடி தொடங்க வேண்டும்.

ராஜபாளையம் நாயை எடுத்துக்கொள்வோம். பால்வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு. 2005இல் அஞ்சல்தலையில்கூட வந்த அழகு. அந்த வெள்ளையோடு சேர்ந்து சில குட்டிகளுக்குக் காது கேளாமையும் வருவதுண்டு. உள்காதிலும் நிறமிக்கு ஒரு வேலை இருக்கிறது. அது இல்லாதபோது கேட்கும் திறன் போய்விடுகிறது. அப்படி ஒரு குட்டி ஒரு வீட்டுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கூப்பிட்டால் திரும்பாது. அதட்டினால் அசையாது. முதுகுக்குப் பின்னால் நின்று கத்தினாலும் தன்பாட்டுக்கு முற்றத்தில் வெயில் காயும். “ராஜபாளையம்னா அப்படித்தான் சார், திமிர் பிடிச்ச ஜாதி, அடக்கி வைக்கணும்” என்று அறிவுரை வரும். தலைமைக் கதைக்குள் இருப்பவருக்கு அந்தக் குட்டியின் நடத்தை முழுக்க விளங்கிவிட்டது. இனி விசாரிக்க ஒன்றுமில்லை. கதைக்கு வெளியே இருப்பவருக்குத்தான் அதன் தலைக்குப் பின்னால் ஒரு தட்டைத் தட்டிப் பார்க்கத் தோன்றும். தெரிந்துவிட்டால் பிறகு கஷ்டமில்லை. கைச்சாடையில் உட்காரவும் வரவும் கற்றுக்கொடுத்துவிடலாம். தரையைக் காலால் தட்டினால் அதிர்வில் திரும்பும். சங்கிலியில்லாமல் தெருவில் மட்டும் விடக்கூடாது.

உறுமலும் இப்படித்தான். தட்டின் பக்கம் போனால் உறுமுகிற நாயை அடித்தால் உறுமலை நிறுத்திவிடும். பயம் நின்றிருக்காது. அது தரும் எச்சரிக்கையை நாம் பிடுங்கிவிட்டோம், இனி நேராகக் கடிதான். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மேகன் ஹெரனும் சகாக்களும் நடத்தை மருத்துவத்துக்கு வந்த 140 நாய்களின் சொந்தக்காரர்களிடம் கேட்டு 2009இல் எழுதிய கட்டுரை இருக்கிறது. அடித்தோ உதைத்தோ பார்த்தவர்களில் 43 சதவீதத்தினரின் நாய்கள் பதிலுக்குச் சீறின. மல்லாத்தி அழுத்தியவர்களில் 31, வெறித்துப் பார்த்தவர்களில் 30 சதவீதம். வெறுமனே முறைத்ததற்கே இவ்வளவு. ஏற்கெனவே தகராறு உள்ள நாய்கள்தான் அங்கே வந்திருக்கும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். ஆனால் தகராறு உள்ள நாய்க்குத்தானே இந்த வைத்தியத்தைச் சிபாரிசு செய்கிறார்கள்.

“தப்பு பண்ணினா அதுக்கே தெரியும், மூஞ்சியப் பாருங்க” என்பார்கள். அதே 2009இல் நியூயார்க்கில் அலெக்ஸாண்ட்ரா ஹொரொவிட்ஸ் பதினான்கு நாய்களை வைத்து அந்த முகத்தைப் பரிசோதித்தார். தின்னக்கூடாது என்று சொல்லிவிட்டுச் சொந்தக்காரர் வெளியே போவார். சில முறை நாய் தின்றிருக்கும், சில முறை தின்றிருக்காது. திரும்பி வருபவரிடம் உண்மையையும் சொல்வார்கள், மாற்றியும் சொல்வார்கள். காதைச் சாய்த்துக் கண்ணைத் தாழ்த்தும் அந்தக் குற்ற முகம், நாய் தின்றதா இல்லையா என்பதோடு சேர்ந்து வரவில்லை. சொந்தக்காரர் திட்டியபோது வந்தது. தின்னாமலே திட்டு வாங்கிய நாய்களிடம் இன்னும் கூடுதலாகவே வந்தது. நாம் அலுவலகம் போயிருந்தபோது மெத்தையைக் கிழித்த நாயை மாலையில் வந்து அடிப்பதன் பொருள் இப்போது புரிந்திருக்கும். ஆறு மணிக்கு வீடு திரும்புகிற நம்மைப் பார்த்து நடுங்க மட்டும் அது கற்றுக்கொள்கிறது.

அன்றாட ஒழுங்கு என்று நான் சொல்வது மிகவும் சுவையற்ற விஷயம். குட்டி தூங்கி எழுந்ததும், தின்றதும், ஆடி முடித்ததும் வெளியே தூக்கிப்போக வேண்டும். மூத்திரம் போனதும் அந்த இடத்திலேயே, அந்த நொடியிலேயே பாராட்ட வேண்டும். வீட்டுக்குள் வந்த பிறகு கொடுக்கிற பிஸ்கட், வீட்டுக்குள் வந்ததற்கான பிஸ்கட். சோற்றுக்கு ஒரு நேரம், நடைக்கு ஒரு நேரம், யாரும் தொந்தரவு செய்யாத தூக்கத்துக்கு ஓர் இடம். பயிற்சி என்று தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டாம், குட்டிக்கு அவ்வளவு நேரம் மனசு நிற்காது. பால் காயும் நேரத்தில் கொஞ்சம், துணி உலர்த்தும்போது கொஞ்சம். இதைச் செய்வது யாருக்கும் கஷ்டமில்லை. ஐந்து பேர் உள்ள வீட்டில் ஐந்து பேரும் ஒரே மாதிரி செய்வதுதான் கஷ்டம்.

அப்பா “ஸிட்” என்கிறார். பையன் “ஸிட் டவுன்” என்கிறான். ஆச்சி “உக்காருடா தங்கம்” என்கிறாள், அது நிற்கும்போதே பிஸ்கட்டையும் கொடுத்துவிடுகிறாள். நாய்க்கு இங்கிலீஷும் தெரியாது தமிழும் தெரியாது, எது எதோடு சேர்ந்து வருகிறது என்பது மட்டும் தெரியும். சாப்பாட்டு மேசை விவகாரத்தைப் பாருங்கள். ஆறு நாள் யாரும் எதுவும் போடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வந்து, “பாவம், பாக்குதே” என்று ஒரு கறித்துண்டை நழுவவிடுகிறார். உளவியலாளர்கள் ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் 1957இல் புறாக்களை வைத்துத் தடிப் புத்தகமாக எழுதியது இதைத்தான்: ஒவ்வொரு முறையும் பலன் கிடைத்த பழக்கம் பலன் நின்றால் சீக்கிரம் மறையும், எப்போதாவது கிடைத்துவந்த பழக்கம் லேசில் மறையாது. தினமும் போட்டிருந்தால் நிறுத்துவது சுலபம். வாரத்துக்கு ஒன்று போட்டு, மேசையடியை விட்டு நகராத ஒரு தவசியைச் சித்தப்பா உருவாக்கிவிட்டுப் போகிறார். பிறகு ஆறு நாளும் அதை அதட்டுவது அப்பாவின் வேலை. அதட்டும்போது அவர் தன்னைத் தலைவர் என்றும் நினைத்துக்கொள்கிறார்.

ஒழுங்குக்கும் எல்லை உண்டு. ஸ்கின்னரிடம் படித்த கெல்லர், மரியன் பிரெலண்ட் தம்பதி விளம்பரங்களுக்கும் காட்சிகளுக்கும் ஏராளமான பிராணிகளைப் பழக்கியவர்கள். 1961இல் தங்கள் தோல்விகளையே ஒரு கட்டுரையாக எழுதினார்கள். நாணயத்தை உண்டியலில் போடப் பழகிய ராக்கூன், இரண்டு நாணயங்கள் கொடுத்தபோது, பழகப் பழக அவற்றைப் போடாமல் ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டே இருந்தது. இரையைக் கையால் தேய்த்துக் கழுவுகிற அதன் பிறவிக் குணம் மேலே வந்துவிட்டது. சிப்பிப்பாறை நாய் வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகப் புரியும். தெற்கத்திக் கரிசல் காட்டில் முயலைக் கண்ணால் பார்த்துத் துரத்துவதற்கென்றே பல தலைமுறையாகப் பொறுக்கி எடுத்த உடம்பு. அது ஓட ஆரம்பித்த பிறகு கூப்பிட்டால் அதன் காதில் விழுவது சந்தேகம். முயல் வேட்டை இன்று சட்டப்படி குற்றம், ஆனால் சட்டம் அதன் கால்களுக்குச் சொல்லப்படவில்லை. சுற்றுச்சுவர் உள்ள மைதானம் ஒன்றைத் தேடிப்பிடித்து ஓடவிட வேண்டும். மற்ற நேரம் கயிறு. (சென்னையில் ஏசி அறைக்குள் ஹஸ்கி வளர்ப்பவர்களிடம் சொல்ல எனக்கு ஒரு வார்த்தையும் இல்லை. அதை வாங்கியபோதே எல்லாக் கட்டுப்பாடும் கைவிட்டுப் போய்விட்டது, நாயுடையது அல்ல, வாங்கியவருடையது.)

வீட்டில் நாய் யார் பேச்சைக் கேட்கிறது என்று கொஞ்சம் கவனித்தால் வேறொரு விஷயம் தெரியும். விலை கொடுத்து வாங்கியவர் ஒருவர், பதிவுச் சான்றிதழில் பெயர் ஒருவருடையது, காலை ஆறு மணிக்கு அதைக் கூட்டிக்கொண்டு நடக்கிறவர் மாதச் சம்பளத்துக்கு வரும் ஒரு பையன். மூன்று மாடி நாய்களையும் ஒரே கையில் பிடித்துக்கொண்டு போகிறான், எதுவும் இழுப்பதில்லை. அவன் எந்தப் புத்தகமும் படித்ததில்லை. இழுத்தால் நிற்கிறான், கயிறு தளர்ந்தால் நடக்கிறான், அவ்வளவுதான், தினமும். மாலையில் அதே நாய்கள் உரிமையாளர்களை வீதி முழுக்க இழுத்துக்கொண்டு போகின்றன. அவனைத் தலைவன் என்று யாரும் அழைப்பதில்லை. லிஃப்டில் போகக்கூடாது என்றுகூட அவனுக்கு ஒரு விதி இருக்கலாம்.

தலைவன் விழுந்தால் அடுத்தது அந்த இடத்துக்கு ஏறும் என்பது ஓநாய்க் கதை. நம் ஊர்க் கல் ஒன்று வேறு கதை சொல்கிறது. செங்கத்துக்குப் பக்கத்தில் எடுத்தனூரில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. எருமைகளைக் காக்கும் சண்டையில் இறந்துபோன கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்காக எழுப்பியது. பக்கத்தில் ஒரு நாயையும் செதுக்கி, அதன் பெயர் கோவிவன் என்றும், கள்வரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் பொறித்திருக்கிறார்கள். கட்டளையிட ஆள் இல்லாத நேரத்தில் அந்த நாய் செய்த காரியம் அது. அந்தக் காலத்தில் அதை எப்படிப் பழக்கினார்கள் என்பதைக் கல் சொல்லவில்லை. நாய்க்குப் பெயர் வைத்து, ஆயிரத்து நானூறு வருடம் நிற்கும்படி எழுதியும் வைத்த ஊர் அது என்பது மட்டும் தெரிகிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு, பிஸ்கட்டும் கொஞ்சலும் போதும், ‘கூடாது’ என்ற பேச்சே வேண்டாம் என்று ஒரு கூட்டம் சொல்கிறது. அவர்களோடும் எனக்கு ஒத்துப்போகவில்லை. பிரியாணிக் கடை வாசல் நடைபாதையில் கிடக்கும் வெந்த கோழி எலும்பு சிலாம்புச் சிலாம்பாக உடைந்து குடலைக் கிழிக்கக்கூடியது. நாய் அதன்மேல் வாயை வைக்கும் நொடியில் பையிலிருந்து பிஸ்கட்டைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. “விடு” என்றால் விட வேண்டும். விடாவிட்டால் கயிற்றை இழுத்து அப்பால் கொண்டுபோக வேண்டும். அதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் அந்த “விடு” அங்கே நின்று கற்றுக்கொடுக்கிற சொல் அல்ல. ஒன்றுமே பணயத்தில் இல்லாத சாதாரண மதியங்களில், மூடிய கைக்குள் காய்ந்த ரொட்டித் துண்டை வைத்துக்கொண்டு தரையில் உட்கார வேண்டும். நாய் மோந்து பார்க்கும், நக்கும், பிறாண்டும், கை திறக்காது. அலுத்துப்போய் ஒரு நொடி முகத்தைத் திருப்பும். அப்போது “விடு” என்று சொல்லி, மறுகையிலிருந்து அதைவிட நல்ல ஒன்றைக் கொடுக்க வேண்டும். பிறகு திறந்த கையில், பிறகு தரையில், பிறகு நடந்துகொண்டே, பிறகு படிக்கட்டில், பிறகு கறிக்கடைத் தெருவின் எதிர்ப்பக்கத்தில். வெள்ளிக்கிழமை மாலைகளில் அந்தக் கடைப் பக்கம் போகாமல் இருப்பது உத்தமம். கூட்டமும் அதிகம், எலும்பும் அதிகம்.